கண்ணாடிப் பெட்டிக்குள் போன கடைசி அத்தியாயம்

ஐயா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆணா, பெண்ணா, ஒரே ஆளா, பத்துப் பேர் கூடிய குழுவா, அதுவும் தெரியாது. ஆனால் என் மனைவியும் அவள் தங்கையும் இன்றைய தேதிவரை பேசாமல் இருப்பதற்கு முழுக் காரணம் நீங்கள்தான். ஒவ்வொரு பொது நூலகத்து ஊழியர்களும் ஒரு புத்தகத்தை மக்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று ஏதோ ஒரு சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உத்தரவு போட்டீர்களே, அந்த உங்களைத்தான் சொல்கிறேன். வேறு பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நான் பழைய கதவு, ஜன்னல் வியாபாரி. இடிக்கிற வீட்டில் வாங்கி, கட்டுகிற வீட்டில் விற்பவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் பாடம் நடத்தியவர்கள் எல்லாம் என்னை ஏமாற்றியவர்கள்தான். நன்றாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவன் நூலகத்துக்குள் ஏன் போனேன் என்றால், என் மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. டாக்டர், "அசையாம படுத்திருக்கணும், மனசுக்கு ஏதாவது வேலை குடுங்க" என்றார். அவளுடைய மனசுக்கு அதுவரை இருந்த ஒரே வேலை என்னோடு சண்டை போடுவதுதான். கண் தெரியாமல் அதில் அவளுக்கு ருசி இல்லை.

சரி என்று ஒரு நாவலை எடுத்துவந்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். அக்கா, தங்கை கதை. சொத்துத் தகராறில் தங்கை ஒரு பெட்டியோடு வீட்டைவிட்டுப் போகிறாள். அக்கா பிடிவாதமாகக் கூப்பிடாமல் இருக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஆனால் வாசல் விளக்கை மட்டும் போட்டு வைக்கிறாள். இதைப் படித்த அன்று என் மனைவி கட்டுக்குள்ளேயே அழுதாள். "கண்ணு நனையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றேன். "நீங்க அடுத்த பக்கம் படிங்க" என்றாள்.

அவளுக்கும் ஒரு தங்கை உண்டு. ஒரு கல்யாண வீட்டில் யாரை முதலில் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள் என்பதில் ஆரம்பித்தது சண்டை. பல வருஷமாகப் பேச்சு இல்லை.

என் வேகத்துக்கு அந்தப் புத்தகம் தீர்வேனா என்றது. வாரம் தவறாமல் நூலகத்துக்குத் தூக்கிப் போய், இன்னொரு வாரத்துக்கு முத்திரை குத்தி வாங்கி வருவேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது, அக்கா எழுந்து போகிறாள், அந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

"வர்றது தங்கச்சியா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

"அவளா இருந்தா, நானும் ஒரு போன் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

மறுநாள் கெடு தேதி. புத்தகத்தை முத்திரைக்காக நூலக மேசையில் வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஓர் இரட்டைக் கதவு வருகிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். பேரம் முடிந்து வருவதற்குள் நூலகத்தில் உங்கள் திட்டம் தொடங்கப்பட்டுவிட்டது. வட்டார அதிகாரி வந்து, நாடா வெட்டி, கைதட்டல் வாங்கி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஓர் அட்டை: "இந்நூலை ஒருமுறை கையிலெடுத்தோர் மீண்டும் மீண்டும் எடுக்காதிருக்க இயலாது. ஊழியர் பரிந்துரை."

நூலகர் அம்மாவிடம் போனேன். நல்ல மனுஷி. அதிர்ந்து பேசத் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் முத்திரை குத்துகிற உதவியாளர். ஊரில் எல்லோரும் அவரை டமால் என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படிக் குத்துவார்.

"அம்மா, என் புத்தகம் உள்ள போயிடுச்சு."

"ஆமாண்ணே, வாழ்த்துகள்" என்றார்.

"வாழ்த்து இருக்கட்டும். எடுத்துக் குடுங்க. ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி."

"பரிந்துரைச்ச நூல் எப்பவும் மக்கள் பார்வையில இருக்கணும்னு உத்தரவுண்ணே. நீங்க எடுத்துட்டுப் போயிட்டா அது உங்க பார்வையில மட்டும்தானே இருக்கும்?"

"அப்போ யாரும் படிக்க முடியாதே!"

"படிக்கக் கூடாதுன்னு உத்தரவுல எங்கயும் இல்லண்ணே. வெளிய எடுக்கத்தான் கூடாது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேசையை ஒரு தட்டு தட்டினேன். டமால் அதை ரசித்துத் தலையாட்டினார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைப் பார்ப்பது போல.

"சரி, யாரும்மா இதைப் படிச்சுட்டுப் பரிந்துரை பண்ணினது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "படிக்கிறதா?" என்றார் டமால். "வேலை நேரத்துல ஊழியர்கள் புத்தகம் படிக்கக் கூடாதுண்ணே. அது பழைய உத்தரவு. இன்னும் ரத்தாகல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அரசாங்கச் சொத்தைக் கொண்டுபோனதா ஆயிடும்."

"பின்ன எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"தேதிச் சீட்டைப் பாத்துதான்" என்றார் நூலகர் அம்மா. "எந்தப் புத்தகத்துல முத்திரை ஜாஸ்தியோ, அதை மக்கள் ஜாஸ்தி விரும்புறாங்கன்னு அர்த்தம். இதுல இருக்கிற அளவுக்கு வேற எதுலயும் இல்ல."

"அம்மா! அத்தனை முத்திரையும் எனக்குக் குத்தினது! நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்!"

"சீட்டுல தேதிதான் இருக்கு. யாருன்னு இல்லையே."

"வேற பிரதி?"

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வாங்கணும்னா, இருக்கிற பிரதி போதலன்னு காட்டணும். இது இப்ப வெளியவே போறதில்லையே, எப்படிண்ணே போதாம போகும்?"

கடை கடையாகக் கேட்டேன். அச்சில் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தால், "வந்தது தங்கச்சியா?" என்று படுக்கையிலிருந்து குரல். நானே ஒரு முடிவைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வந்துட்டா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க" என்றேன்.

"நம்ப மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க சொல்றதெல்லாம் கதவு விக்கிற பேச்சு. உளுத்த கட்டையக் கூட வைரம் பாஞ்சதும்பீங்க. புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைப் படிங்க."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு இது. போகட்டும்.

மறுபடி நூலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை கோபத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, பேரத்தை மட்டும் எடுத்துப் போனேன்.

"அம்மா, அந்தப் புத்தகம் வெளிய வர என்ன வழி?"

"மாசக் கடைசியில அதிகாரி சாவியோட வருவாரு. அப்ப அதைவிட ஜாஸ்தி முத்திரை வாங்கின புத்தகம் ஏதாவது இருந்தா, இதை எடுத்துட்டு அதை வைப்பாரு. சும்மா எடுக்க முடியாது. காலி இடத்தைப் பரிந்துரைக்க முடியாது பாருங்க."

அவ்வளவுதானே! சுற்றிப் பார்த்தேன். நல்ல புத்தகம் எதையும் இதில் இழுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. வேறு யாராவது ஒருத்தன் வீட்டில் கண்கட்டோடு ஒருத்தி படுத்திருப்பாள். அப்போது காற்றடித்தது. நூலகத்தின் பக்கக் கதவு படபடத்தது. கதவு என்றால் என் கண் போகாமல் இருக்குமா? கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தரையில் கிடந்தது ஒரு தடிப் புத்தகம். குனிந்து எடுத்தேன். 'நகரக் கழிவுநீர்க் குழாய்கள்: அமைத்தலும் அடைப்பு நீக்கலும். இரண்டாம் பாகம்.' தேதிச் சீட்டு குழந்தை முகம் போலச் சுத்தமாக இருந்தது.

"இதை எடுத்துட்டுப் போறேன்."

"அண்ணே, கதவு அடிச்சுக்குமே!" என்று பதறினார் டமால்.

கடையிலிருந்து ஒரு நல்ல மர முட்டுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தேன். "இப்ப?" என்றேன். நூலகர் அம்மா முட்டுக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு இரவல் சீட்டு ஒட்டணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து நான் அந்தக் குழாய்ப் புத்தகத்தின் பரம ரசிகன். காலையில் எடுப்பேன், கடை திறந்ததும் ஒரு ஜன்னல் சட்டத்துக்கு அடியில் வைப்பேன், மதியம் திருப்பிக் கொடுப்பேன், அங்கேயே நின்று மறுபடி எடுப்பேன். ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் எடுக்கலாம் என்று உத்தரவு போட உங்களுக்குத் தோன்றவில்லை. அதற்கு மட்டும் நன்றி. டமாலுக்குத் தோள்பட்டை வலி கண்டது. ஆனாலும் விடவில்லை. "இவ்வளவு ஆர்வமான வாசகரை நான் பாத்ததே இல்லண்ணே" என்றார், உண்மையாகவே உருகி. இரண்டாவது சீட்டு ஒட்டினார்கள். பிறகு மூன்றாவது.

மாசக் கடைசி வந்தது. அதிகாரியும் வந்தார், சாவியும் வந்தது. சீட்டுகளை விரித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மக்கள் எதை நோக்கிப் போறாங்கன்னு நமக்குத்தான் தெரியல. கதை, கவிதைன்னு நாம உக்காந்திருக்கோம். அவங்க அடிப்படையைத் தேடுறாங்க!" என்று தழுதழுத்தார். என் நாவல் வெளியே வந்தது. குழாய்ப் புத்தகம் உள்ளே போனது. புது அட்டையை அதிகாரியே தம் கையால் எழுதினார்: "வாழ்வின் அடைப்புகளை நீக்கும் நூல்." யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. நானும்தான். ஜன்னல் சட்டத்துக்கு அடியில் வைத்தவனுக்குத் திறக்க நேரம் ஏது?

நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுத்துக் கூட்டி முடித்துவிட்டேன், பொறுக்கவில்லை. என்ன முடிவு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். என் கண்ணில் தூசி விழுந்தது, அதை மட்டும் சொல்கிறேன். இதைக் கேட்டால் என் மனைவி போனை எடுக்காமல் இருக்க மாட்டாள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் கேட்டால் அழுவாள், கட்டு நனையும் என்று, கட்டு அவிழ்த்த பிறகு படித்துக் காட்ட நினைத்தேன். டாக்டர் ஊருக்குப் போய்விட்டதால் அது இன்னும் சில நாள் தள்ளிப்போனது. அதற்குள் ஊர் மாறிவிட்டது, ஐயா.

தையல்கடைக்காரர் குழாய்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் போட்டார். அதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் எடுத்தார். காலேஜ் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் முகம் ஒட்டி எடுத்தார்கள். முடிவெட்டுகிற கடையில் ஒருவர், "இரண்டாம் பாகம் பரவாயில்ல. ஆனா முதல் பாகத்துல இருந்த ஆழம் இதுல இல்ல" என்றார். முதல் பாகம் அந்த நூலகத்துக்கு வந்ததே இல்லை. நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர், "ஆசிரியர் வேணும்னேதான் அப்படி எழுதியிருக்காரு" என்று அடக்கமாகத் திருத்தினார்.

இதற்கு மேல் தாங்காது என்று, கட்டு அவிழ்க்கும் முன்பே வீட்டுக்குள் வந்து நாவலை விரித்தேன். "கதவு தட்டுற சத்தம் கேக்குது, அக்கா எழுந்து போறா" என்று ஆரம்பித்தேன்.

"இருங்க இருங்க" என்றாள் மனைவி. "இது அந்தப் பழைய புத்தகம்தானே?"

"பழசாவது புதுசாவது! தங்கச்சி வந்தாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தியே!"

"எதிர்வீட்டு அக்கா வந்துச்சு. என்னமோ அடைப்பு நீக்கற புத்தகமாம், தெருவே அதைத்தான் பேசுதாம். 'உங்க வீட்டுக்காரர்தான் தினம் நூலகத்துக்குப் போறாரே, படிச்சுக் காட்டலையா'ன்னு கேக்குது. எனக்கு மானம் போகுது. எல்லாரும் படிக்கிறதை விட்டுட்டு, பெட்டியிலேருந்து கழிச்சுப் போட்டதைக் கொண்டுவந்து எனக்குப் படிக்கிறீங்க!"

"அது சாக்கடைக் குழாய்ப் புத்தகம்டி!"

"பொறாமையில பேசாதீங்க. சும்மாவா பரிந்துரை பண்ணுவாங்க?"

"இந்த முடிவைக் கேளு. கேட்டா நீயே உன் தங்கச்சிக்கு..."

"கதவு விக்கிற பேச்சு" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேரத்தில் நான் தோற்றது அபூர்வம். தோற்றாலும் என்னை ஜெயித்தவன் முகத்தையாவது பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை ஜெயித்த சரக்கே என்னுடையதுதான். நானே தூக்கித் தூக்கி முத்திரை வாங்கிக் கொடுத்தது.

நேற்று கட்டை அவிழ்த்தார்கள். கண் திறந்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள் என்று முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு நின்றேன். பார்த்தாள். "நூலகம் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்றாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நின்று அந்தக் குழாய்ப் புத்தகத்தின் அட்டையைக் கண்குளிரப் பார்த்தாள். போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அதை யார் யாருக்கோ அனுப்பினாள். தங்கைக்கு மட்டும் அனுப்பவில்லை.

அந்த நாவல் என் கடை மேசையில் கிடக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வாங்கி வைக்க அலமாரியில் இடம் இருக்கிறது, கேட்டு வர ஆள் இல்லை. கதவைத் தட்டியது யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். கேட்க வேண்டிய ஒருத்தி கேட்கமாட்டேன் என்கிறாள்.

ஆகையால் ஐயா, குழுவாக இருந்தால் ஐயாமார்களே, உத்தரவு போட்ட கை உங்களுடையது. சரிசெய்ய வேண்டியதும் அந்தக் கைதான். திட்டத்தை ரத்து செய்யுங்கள் என்று கேட்க வந்தவன்தான் நான். இப்போது அது வேண்டாம். அந்த நாவலை மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். பெரிய அட்டையாக எழுதுங்கள், உங்கள் கையெழுத்தையே போடுங்கள், முடிந்தால் பக்கத்தில் ஒரு விளக்கும் மாட்டுங்கள். எதிர்வீட்டு அக்கா பார்க்க வேண்டும். பெட்டியை இறுக்கிப் பூட்டுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் பூட்டுவதற்கு முன்னால் அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்து என் கையில் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எவனும் வரப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.