நாலு கிராம் ஜின்

கல்முனைக்குத் தெற்கே எந்தக் கடையில் கேட்டாலும் வழி காட்டுவார்கள். "விசா பாவா வீடா? நேரே போங்க. எங்க சேவல் கூவுதோ, அங்கதான்."

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் விடிந்ததும் வான் வண்டிகள் வந்து நிற்கும். நிந்தவூர், அக்கரைப்பற்று, வீரமுனை, தம்பிலுவில் என்று எல்லா ஊர் ஆட்களும் உண்டு. தொப்பி, திருநீறு, சிலுவை எல்லாம் ஒரே வரிசையில். தேர்தலுக்குத் தேர்தல் மேடை போட்டும் வராத இன ஒற்றுமையை ஒரு தராசு கொண்டுவந்துவிட்டது. வாழ்க தராசு!

ஓம், தராசுதான். பாவா மை போட்டுப் பார்ப்பதில்லை, அதெல்லாம் பழைய காலம். இவர் விஞ்ஞானி! தங்கம் நிறுக்கும் சின்ன மின்தராசில் உங்கள் பாஸ்போட்டை வைப்பார். முப்பத்தெட்டு கிராம் காட்டும். பச்சைத் துணியில் சுற்றிப் பன்னீர் தெளிப்பார். பதினொரு தரம் முணுமுணுப்பார். துணியைப் பிரித்துத் திரும்பவும் வைப்பார். நாற்பத்திரண்டு!

"பாத்தீங்களா? ஒளிச்சிருந்த ஜின் வெளிய வந்திட்டு. நாலு கிராம். இது குந்தி இரிக்கிற வரைக்கும் விசாவ மறந்திடுங்க."

கூட்டம் "யா அல்லாஹ்" என்னும். "முருகா" என்றும் ஒரு குரல் கேட்கும்.

ஜின் ஒன்றுக்கு ஒரு கறுப்புச் சேவல். பாஸ்போட் பாவாவின் தகரப் பெட்டியில் தங்கும். ஜின் இறங்கினால்தான் வீடு திரும்பும். சேவல்கள் எங்கே போகின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீதியில் பாவாவின் மச்சான் கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கிறார். அங்கே கோழிக் கொத்து வெகு பிரசித்தம்.

பள்ளிவாசல் மௌலவி மூன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆக்களில் தொண்டை கிழியச் சொன்னார், இதற்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று. ஆட்கள் மெய்தான் மெய்தான் என்று தலையாட்டினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பாவா வீட்டுக்குப் போனார்கள்.

பஸ்லியாவும் போனாள். அவளுடைய மகன் அஹ்ஸனுக்கு வயது பத்து. கணக்குப் போட்டியில் வென்று, மலேசியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்திருந்தது. பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக விடமாட்டார்கள். பெற்றாரில் ஒருவர் கூட இருக்க வேண்டும், அவருக்கும் தனியாக விசா வேண்டும். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். ஆகவே உம்மாதான்.

பள்ளிக்கூடம் கேட்ட கடதாசிகளில் மூன்று இன்னும் குறைவு: வாப்பாவின் சம்மதக் கடிதம், வங்கிக் கடிதம், பிறப்புப் பத்திர மொழிபெயர்ப்பு. பஸ்லியா அந்த மூன்றுக்கும் பதிலாக மூன்று சேவல் கொடுத்திருந்தாள். வருகிற திங்கட்கிழமை கொழும்பில் எல்லாவற்றையும் பாஸ்போட்டுகளோடு ஒப்படைக்க வேண்டும். தவறினால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை காலை பாவா இரண்டு பாஸ்போட்டையும் நிறுத்தார். பெட்டியில் காய்ந்து கிடந்த மகனுடையது முப்பத்தெட்டு. உம்மாவுடையதைத் துணியில் சுற்றித் தெளித்து நிறுத்தார். நாற்பத்திரண்டு.

"மகன்ட இறங்கிட்டு. உங்கட இறங்கல்ல. மறுகா ஒரு கிடாய் கொண்டு வாங்க, பாப்பம்."

"திங்கட்கிழமை குடுக்கணும் பாவா! புள்ள என்னை விட்டிட்டு எப்படிப் போறது?" பஸ்லியா அழுதே விட்டாள்.

பக்கத்தில் உம்மு நின்றாள். பஸ்லியாவின் மதினி, புருசனுடைய அக்கா; ஊருக்கே ராத்தா. மாளிகைக்காட்டில் இருபது வருடமாகக் கருவாடு வாங்கி விற்கிறவள். அவள் பாவாவைப் பார்க்கவில்லை, அந்த ஈரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவா, எனக்கும் ஒருக்கா பாருங்க." வரும்போதே சீலைத்துண்டில் தைத்துக் கொண்டுவந்திருந்த ஒரு சின்னப் பொதியை நீட்டினாள். "பிரிக்க வேணாம். போட்டோல நான் வடிவில்ல."

கருவாட்டு வாசம் அடித்தது. அது உம்முவிடம் எப்போதும் அடிக்கிற வாசம்தானே, யாரும் கண்டுகொள்ளவில்லை. பாவா நிறுத்தார். அறுபது. சுற்றினார், தெளித்தார், முணுமுணுத்தார். அறுபத்தாறு!

"அல்லாஹ்வே! ஆறு கிராம்! இது பழைய ஜின். எந்த நாட்டுக்குப் போகப் போறீங்க?"

"கொழும்புக்கு," என்றாள் உம்மு. தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு துண்டு பாரைக் கருவாடு. "நாளைக்கு லொறியில போகுது. இதுக்கும் சேவல் வெட்டணுமா பாவா?"

பின்வரிசை எட்டிப் பார்த்தது. முற்றத்துச் சேவல்கள் கூவின.

"ஜின் கருவாட்டிலயும் குந்தும்!" என்றார் பாவா. மனுசன் லேசில் விடவில்லை.

"சரி, குந்தட்டும்." உம்மு பாவாவின் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். பஸ்லியாவின் பாஸ்போட்டை விரித்து அதன் முன்னால் பிடித்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். அரை மணித்தியாலம் கூட்டம் அசையாமல் நின்றது. மறுபடி தராசில் வைத்தாள். முப்பத்தெட்டு.

"சேவலும் இல்ல, கிடாயும் இல்ல. விசிறிக் காத்துக்கே போயிட்டே உங்கட ஜின்!" கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் பொங்கியது. "ஈரக் கருவாட்ட நிறுக்க விடுவீங்களா நீங்க? கைய முறிச்சிடுவீங்க! பாஸ்போட் எண்டா மட்டும் தண்ணிக்குப் பாரம் இல்லாமப் போகுமா?"

பாதிப் பேர் கருவாட்டு வியாபாரிகள். அவர்கள் தலை நிமிரவே இல்லை. மீதிப் பேர் தகரப் பெட்டியில் பாய்ந்தார்கள். அவரவர் பாஸ்போட்டைப் பொறுக்கி முடித்தபோது பாவாவைக் காணவில்லை. மச்சானின் கடையில் அன்று மாலை முட்டைக் கொத்து மட்டும்தான்.

வாப்பாவின் கடிதம் அன்றிரவே கட்டாரிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை வங்கி, சனிக்கிழமை மொழிபெயர்ப்பு, திங்கட்கிழமை கொழும்பு. ஐந்து வாரத்தில் மகனுக்கும் உம்மாவுக்கும் விசா வந்தது. எந்த ஜின்னும் குறுக்கே வரவில்லை.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? விசா வந்த செய்தி பரவிய மறுநாள் காலை உம்முவின் கடை முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், கையில் பாஸ்போட்டோடு.

"ராத்தா, உங்கட தராசில ஒருக்கா வெச்சித் தாங்களன். உங்கட கைக்கு ஜின் பயம் எண்டு எல்லாரும் கதைக்காங்க," என்றார் முதலாவதாக நின்றவர்.

"விசாப் படிவத்த வாசிச்சீங்களா?"

"இல்ல. அதுக்குத்தானே இங்க வந்தது."

உம்மு பாஸ்போட்டை வாங்கித் தராசில் வைத்தாள்.

"பாஸ்போட் சரியாத்தான் இரிக்கி. இப்ப உங்கட தலைய வைங்க, உள்ளுக்க என்னமும் இரிக்கா எண்டு பாப்பம்."