கொலுவில் இறங்கிய காபி ஃபில்டர்

தஞ்சாவூர்,
நவராத்திரி ஆறாம் நாள்

மதிப்பிற்குரிய சாமா அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் ஹரிஹரசுப்ரமணியன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம். சாம்பலைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். கீழ்வேளூரில் நீங்களும் அக்காவும் சாம்பல் படாமல் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அக்கா படித்துவிடுவாள் என்பதால்தான் தபால்.

விஷயம், நீங்கள் பார்த்துச் சொன்ன வரன் விஸ்வா. நம் மதுவந்திக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்தவர்களையெல்லாம் "பேசறதுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று தள்ளிவிட்டாள். இந்தப் பையனாவது அமையவேண்டுமே என்று எனக்கு உள்ளூர ரொம்பக் கவலை. பெண் பார்க்க என்று வராமல் கொலு பார்க்க என்று வரட்டும், சகஜமாக இருக்கும் என்று யோசனை சொன்னவர் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

மதுவந்திக்குச் சென்னையில் கம்ப்யூட்டரில் சினிமாவுக்கு வெள்ளம், தீ எல்லாம் போடுகிற வேலை என்பது உங்களுக்குத் தெரியும். லீவுக்கு வந்தவள், விண்வெளிக்குப் போகிற பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாகக் கொண்டுவந்து கூடத்தில் போட்டுக் காட்டினாள். ராக்கெட் புறப்பட்டதுமே அதைத் தொங்கவிட்ட நூல் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் பார்த்த கண் அல்லவா, சொன்னேன். அவள் படத்தை நிறுத்திவிட்டாள். "நூலைக் கண்டுபிடிக்க எல்லாராலயும் முடியும்ப்பா. அந்த மலையைப் பாருங்கோ, கண்ணாடியில வரைஞ்சது. நீங்க நிஜம்னு நம்பினேளே?" நம்பித்தான் இருந்தேன். சின்னப் பொருள் சட்டென்று விழுந்து குட்டை உடைத்துவிடுமாம். அதனால் வேகமாகப் படம் பிடித்து நிதானமாக ஓட்டினால் தீப்பெட்டி அளவு வண்டிக்குக்கூட லாரியின் கனம் வந்துவிடுமாம். அப்புறம் பார்த்தால், அத்திம்பேர், வந்துதான் இருக்கிறது. அட்டையை வெட்டிக் கையால் ஆட்டினவனுக்கு எத்தனை பொறுமை இருந்திருக்கவேண்டும் என்று எனக்கே தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

படம் காட்டியதோடு அவள் விட்டிருக்கலாம். வருஷா வருஷம் கொலுப்படிக்குக் கீழே என் சம்சாரம் அபயாம்பாள் கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடியில் குளம் வைத்துப் பார்க் கட்டுவாளே, இந்த வருஷம் அந்த இடத்தில் மதுவந்தி ஒரு கிரகத்தைக் கட்டினாள். அரிசி மில்லிலிருந்து உமிச் சாம்பல் வரவழைத்துச் சலித்து, எலுமிச்சம்பழத்தை உயரத்திலிருந்து போட்டுப் போட்டுப் பள்ளம் பண்ணினாள். ராக்கெட் எதுவென்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டுப் பித்தளைக் காபி ஃபில்டர். பரண் கொக்கியிலிருந்து நூலில் தொங்குகிறது. இன்ஸ்டன்ட் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். ஃபேன் போடக்கூடாது என்று வேறு உத்தரவு. தஞ்சாவூர்ப் புழுக்கத்தில் தெய்வங்களுக்கே வேர்த்திருக்கும்.

நேற்று சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அபயாம்பாள் சுண்டல் கொடுத்தாள். பாடத் தெரியுமா என்று பையனின் அம்மா ஆரம்பிப்பதற்குள் பையன் கிரகத்துக்கு முன்னால் குந்திவிட்டான். மதுவந்தியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "நூலுக்கு என்ன தடவினேள்? தெரியவே இல்லையே!" அவள், "கண்மை" என்றாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, பழைய படங்களில் எது அட்டை, எது களிமண் என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பையனின் அப்பா, "என்னமா புழுங்கறது!" என்று எழுந்துபோய் ஃபேனைப் போட்டார், அதுவும் ஐந்தில்.

மேற்கொண்டு எழுதக் கை கூசுகிறது. கிரகம் முழுக்க எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டது. பையனின் அம்மாவுடைய பட்டுப்புடவை, சுண்டல், தசாவதாரம், எல்லாம் ஒரே நிறம். பையனின் அப்பா முழு விபூதிக் காப்பில் நின்றார். அபயாம்பாள் அழத் தொடங்கினாள். நான் ஸ்விட்சை நோக்கி ஓடினேன். பையன் இருமிக்கொண்டே ஃபோனை உயர்த்தி, "அணைக்காதீங்கோ மாமா! ஸ்லோமோஷன்ல எடுத்துண்டிருக்கேன்!" என்று கத்துகிறான். மதுவந்தி ஃபில்டரை மெள்ள இறக்குகிறாள். ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். பெரியவர்கள் சாம்பலோடு நிற்கும்போது சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு?

அந்த அம்மாள் தாம்பூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, புடவையை உதறிக்கொண்டே காரில் ஏறிவிட்டார். ஆகையால் இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். என் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷமாச்சு. எனக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு ஒரு நல்ல பையனாக, சினிமாவே பார்க்காதவனாகப் பாருங்கள். அக்காவுக்கு நமஸ்காரம் சொல்லவும். அவள் மூட்டுவலி குறைய அம்பாள் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள்
ஹரிஹரசுப்ரமணியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் விஸ்வா அந்த வீடியோவை அனுப்பினான். புயலடிக்கிற ஏதோ ஒரு உலகத்தில் பெரிய கப்பல் ஒன்று கனமாக இறங்குகிறது. என் காபி ஃபில்டர் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், நூல் தெரியவில்லை. மன்னிப்பு ஒன்றும் கேட்டுவைக்காதீர்கள். அவன் அம்மா ஃபோன் பண்ணினார். புயலில் தன் புடவைத் தலைப்பு குறுக்கே வந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தே ஆகவேண்டுமாம். ஃபேன் சம்பந்தி பொறுப்பு. நீங்கள் அவசியம் வரவேண்டும். வரும்போது உங்கள் ஊர் மில்லிலிருந்து ஒரு மூட்டை உமிச் சாம்பலும், அக்காவின் காபி ஃபில்டரும் கொண்டுவரவும். மாப்பிள்ளைக்கு இன்ஸ்டன்ட் காபி கொடுக்கமுடியாது.