சப்வூபர் மேல் நின்ற கல்யாணக் கேக்

பௌதிகவியல் படிப்பித்தவனை நம்பிக் காரில் சாமான் ஏற்றாதீர்கள். வாழ்நாள் முழுவதும் அதைப் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பொருள் ஏன் விழுகிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். விழாமல் பிடிப்பதுதான் பாடத்திட்டத்தில் இல்லை.

என் மகள் ஷெரினின் கல்யாணத்துக்கு முதல் நாள். கொண்டச்சியிலிருந்து கேக்கை ஏற்றிவந்து, எங்கள் ஊர் கீரியில் கோயில் மண்டபத்தில் இறக்கவேண்டியது என் பொறுப்பு. பெண்ணின் தகப்பனுக்கு வேறு எந்த வேலையையும் நம்பித் தரவில்லை. (இதையும் தந்திருக்கக்கூடாது.)

கார் என் மகன் ஜெறோமுடையது. அவன் கொழும்பில் வேலை, கார் எங்கள் வீட்டில். அதன் பின்பக்கத்தில் ஒரு சப்வூபர் பூட்டியிருந்தான். பாட்டில் வரும் அடித்தொனியை மட்டும் வாங்கி உறுமுகிற பெரிய ஒலிபெருக்கி அது. அரை மூடை அரிசியின் பாரமுள்ள மரப்பெட்டிக்குள் குந்தியிருக்கும். பெட்டியின் மூலைகளில் இரும்புத் தகடு வைத்துத் தரையோடு ஆணி முறுக்கி, மேலால் ஒரு பட்டியும் போட்டு இறுக்கியிருந்தான்.

"அப்பா, பெட்டியை மட்டும் தொட்டுப்போடாதேங்கோ" என்று தொலைபேசியில் சொன்னான்.

"நான் ஏன் தொடுறன்?" என்றேன். தொடும் எண்ணம் அப்போது உண்மையாகவே இருக்கவில்லை.

கேக் செய்தவர் என்னோடு ஒரே பாடசாலையில் மனையியல் படிப்பித்த றிபாயா டீச்சர். அவர் வீட்டு வாசலில் கேக்கைக் கண்டதும் காரைத் திரும்பிப் பார்த்தேன். சதுரம் சதுரமாய் மூன்று தட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, பலகையோடு சேர்த்து ஒட்டியிருந்தது. உச்சியில் வைக்கும் சின்னத் தட்டு மட்டும் தனியாக ஒரு பெட்டியில். பின் ஆசனத்தை மடித்துப் பார்த்தோம். பலகை ஒரு சாண் நீளம் கூடிவிட்டது. சப்வூபர் இடத்தை மறித்துக்கொண்டு நின்றது.

தகடுகளைக் கழற்றினேன். பட்டியை அவிழ்த்தேன். பெட்டியைப் பின்கதவோடு தள்ளி வைத்தேன். இப்போது பலகை அழகாக உள்ளே போனது.

"இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டியை ஒருக்காக் கட்டுங்கோ" என்றாள் என் மனைவி பிலோமினா.

"உந்தப் பாரத்துக்கு அது எங்க போகும்? பாரம் கூடக்கூட அசையிறது கஷ்டம். சடத்துவம் எண்டு ஒண்டு இருக்கு, பிலோமினா."

"இருக்கட்டும். கயிறும் இருக்கு."

இருந்தது. கீரியில் எந்த வீட்டுக் காரிலும் வள்ளம் கட்டுகிற நைலோன் கயிறு ஒரு துண்டாவது கிடக்கும். எங்கள் காரில் என் காலடியிலேயே கிடந்தது. நான் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஏறினேன்.

பிலோமினா முன் ஆசனத்தில், பெல்ற்றும் போட்டு, உச்சித் தட்டை மடியில் வைத்துக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டாள். றிபாயா டீச்சரும் கணவர் நிசாமும் கேக்குக்குக் காவலாக மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்கள்.

பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் வரும்வரை நான் கார் ஓட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பூவைத் தாங்குகிற மாதிரி. கீரிக்குத் திரும்புகிற இடத்தில்தான், இனியென்ன வந்துவிட்டோம் என்று கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன். நடுறோட்டில் ஒரு கழுதை நின்றது. மன்னாரில் கழுதை வழிவிடாது, நாங்கள்தான் விடவேண்டும். பிரேக்கை மிதித்தேன்.

கார் நின்றது. கழுதை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பெட்டி மட்டும் நிற்கவில்லை.

அசையாத பொருள் அசையாது என்பது விதியின் பாதி. ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பது மறுபாதி. பஸ் பிரேக் போட்டால் பயணிகள் ஏன் முன்னால் விழுகிறார்கள் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியிருப்பேன்! அந்தப் பெட்டி கேக்கின் அடித்தட்டை ஊடறுத்து வந்து, பிலோமினாவின் ஆசன முதுகில் இடித்து நின்றது. மகன் அவ்வளவு செலவழித்துப் பூட்டியும் அதிலிருந்து அப்படியொரு 'டம்' நான் கேட்டதில்லை.

உப்பளத்தில் காற்றடித்ததுபோலக் காருக்குள் எங்கும் வெள்ளைத் துகள். என் தோளில் விழுந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். (ஏனென்று கேட்காதீர்கள். கேக் வீணாகிறதே என்ற துக்கமாயிருக்கலாம்.) மென்றேன். கிறீச் என்றது.

"சேர்! அதத் துப்புங்க!" றிபாயா டீச்சர் ஓடிவந்து கண்ணாடியில் தட்டினார். "அது றெஜிபோம்!"

கதிரை, தொலைக்காட்சி பொதிசெய்து வருகிற அதே வெள்ளை றெஜிபோம்தான். மேலே ஐசிங் பூசிய வெறும் கூடு. சாப்பிடுகிற கேக் துண்டு துண்டாகச் சுற்றி வேறாக வருமாம். மாப்பிள்ளை பெண் வெட்டுகிற உண்மைக் கேக் உச்சித் தட்டு ஒன்றுதான். அது பிலோமினாவின் மடியில் ஒரு பூவும் கலையாமல் இருந்தது. எங்கள் காரில் பெல்ற் போட்டிருந்த ஒரே கேக்.

"எல்லாக் கலியாணத்திலயும் இப்பிடித்தான் சேர். உங்களுக்குத் தெரியாதா?"

எத்தனை கல்யாணங்களில் றெஜிபோமுக்குக் கைதட்டியிருக்கிறேன்!

சிரிப்பு அதோடு நின்றது. மண்டபத்தில் பெட்டியை இழுத்தெடுத்தபோது பிலோமினாவின் ஆசன முதுகு உள்வாங்கியிருந்ததைப் பார்த்தேன். இன்னும் ஒரு சாண் மேலெழும்பி வந்திருந்தால் அங்கே இருந்தது அவளுடைய தலை. அவளும் பார்த்தாள். ஷெரின் வந்து நொறுங்கிய அடித்தட்டைப் பார்த்தாள். அந்தக் கேக்கின் படத்தை அவள்தான் மாதக்கணக்காகத் தேடித் தெரிவுசெய்தவள்.

"அப்பா, பெட்டியைக் கட்டினனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"ஏன்?"

நான் குனிந்து றெஜிபோம் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். பிள்ளை கதிரையில் இருந்தபடி அழத் தொடங்கினாள்.

கீழே தட்டு இல்லாமல், தப்பியிருந்த மேல் இரண்டு தட்டும் நிற்காது. நாளைக்குள் இன்னொன்று செய்யவும் வழியில்லை. றிபாயா டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்று சுற்றிப் பார்த்தார். அவர் கண் சப்வூபரில் போய் நின்றது. முழங்கையால் அதை அளந்தார்.

"சேர், இதுவும் சதுரந்தான். அளவும் கிட்டத்தட்ட சரி."

மேடைக்கு வாங்கிய வெள்ளைச் சாட்டின் துணியால் பெட்டியைச் சுற்றினார். ஒலிபெருக்கியின் வட்ட வாய் சுவர்ப்பக்கம் திரும்பியது. விளிம்பெல்லாம் ஐசிங் பூ வைத்தார். ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூ எடுத்துக் கொடுத்தாள். நான் கழற்றிய அதே தகடுகளால் நிசாம் பெட்டியை மேசையோடு இறுக்கினார். பிலோமினா காருக்குப் போய் அந்த நைலோன் கயிற்றை எடுத்துவந்து என் கையில் தந்தாள். சாட்டினுக்கு உள்ளால் இரண்டு சுற்றுச் சுற்றி, மேசைக் காலோடு முடிச்சுப் போட்டேன்.

இருட்டுகிற நேரம் ஜெறோம் பஸ்ஸால் வந்து இறங்கினான்.

"அப்பா, என்ர பெட்டி எங்க?"

நான் மேல்முகட்டைப் பார்த்தேன். பிலோமினா கேக்கைக் காட்டினாள். அவன் குனிந்து, சாட்டினைத் தூக்கிப் பார்த்து, கயிற்றைச் சுண்டிப் பார்த்தான்.

"பரவாயில்லை. இங்கயாவது கட்டியிருக்கிறியள்."

மறுநாள் கேக் வெட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அடித்தட்டு நல்ல உறுதி என்று சம்பந்தி பாராட்டினார்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் பிள்ளைகள் விடுவதில்லை. "ஓம் அப்பா. கயிறும் இருக்கு" என்பார்கள். மருமகனும் படித்துவிட்டார். போன திருநாளுக்குக் கோயில் முற்றத்தில் கொடிமரம் நாட்டும்போது, இந்த ஆழக்குழிக்கு இழுகயிறு தேவையில்லை என்று நான் காற்றின் விசையிலிருந்து ஆரம்பித்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது.

"கயிறும் இருக்கு!"

முற்றம் முழுவதும் சிரித்தது. பாதரும் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டு போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன்.