குண்டு எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

கல்யாண வயதில் ஒருவனுக்குப் பெண்ணின் மேல் பித்துப் பிடித்தால் நியாயம். எனக்கு ஓர் அச்செழுத்தின் மேல் பிடித்தது. அதை ஒப்புக்கொள்ள இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ராமநாதபுரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனாக இருந்தேன். நாடக நோட்டீசுக்கென்று முதலாளி மதராஸிலிருந்து குண்டு எழுத்து ஒரு பெட்டி வரவழைத்தார். ஒவ்வொன்றும் மூலை மழுங்கி நுங்கு மாதிரி உருண்டு திரண்டிருக்கும். 'ழ' விருந்து சாப்பிட்டுவிட்டு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெருக்கோடியில் வண்டியில் போகிறவரும் படித்துவிடலாம். மெதுவாகப் பேசத்தான் அதற்குத் தெரியாது. (எனக்கும்தான்.)

என் கல்யாணப் பத்திரிகையை அதில்தான் அடிப்பது என்று முடிவு செய்தேன். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். சிவப்பு மை தீர்ந்திருந்தது. கறுப்பிலேயே தாள் கொள்ளாமல் அடித்தேன். மூலையில் மஞ்சள் தடவினால் எழுத்தின் அழகு கெடுமென்று அதையும் விட்டேன். தாய்மாமனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். அய்யா (என் அப்பா) அடுத்த வாரம் போவதாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முதல் பிரதியைத் திருவாடானை மாமாவுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

திரும்பி வந்த முதலாளி ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"யாருலே செத்தது?"

"என் கல்யாணம், முதலாளி."

"கறுப்பு மை, மஞ்சளும் இல்ல. யாருக்கும் அனுப்பிட்டியாலே?"

அப்போதுதான் உறைத்தது. சாவுக் கடிதத்தை எங்கள் பக்கம் வாசலிலேயே பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளித்துத்தான் வீட்டுக்குள் போவார்கள். மாமாவுக்கோ படிக்கத் தெரியாது. போன மாதம்தான் அம்மா காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தபாலாபீசுக்கு ஓடினேன். பை போய்விட்டது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டில் சொல்லவும் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, பெண்ணின் தகப்பனார் சாயல்குடியிலிருந்து வந்து அய்யாவோடு பந்தல் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

"ஏ தங்கச்சி, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே."

மாமா, அத்தை, பின்னால் பத்துப் பேர். மாமா கையில் கோடிச் சேலை, அதாவது இறந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் புதுச் சேலை. மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா செதில் ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். அவளைப் பார்த்த பிறகும் மாமா வாய் இரண்டு வரி அழுதுவிட்டுத்தான் நின்றது.

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். "சகுனம் சரியில்லயே. நான் வாரேன்."

போச்சு, கல்யாணம் போச்சு என்று குறுக்கே போய் நின்றேன். "எல்லாம் நான் அடிச்ச எழுத்தாலதான்" என்று உளறியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அம்மா கையைக் கழுவிவிட்டுச் சேலையை வாங்கி விரித்தாள். வாடாமல்லி நிறம், சரிகைக் கரை.

"உக்காருங்க சம்பந்தி. பொய்யாச் சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக. நான் உசுரோட இருக்கையில எங்கண்ணன் இம்புட்டு நல்ல சேலை எடுத்ததில்ல. கல்யாணத்துக்கு இதத்தேன் கட்டப் போறேன்."

சம்பந்தி சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சொன்னபடியே கட்டினாள். அதன்பின் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுச் சேலை வரத் தாமதமானால், "ஏலே, மாமனுக்கு ஒரு கடுதாசி அடிச்சுப் போடு" என்பாள். இப்போது என் மனைவியும் தன் தம்பிக்கு, "கறுப்பு மையில கடுதாசி வரும்" என்று சொல்லி அனுப்புகிறாள். அவன் மறுநாளே சேலையோடு பஸ் ஏறிவிடுகிறான்.