அத்தா பைப் கடைக்காரர், நான் கேட்பது துப்பாக்கி பேரல்

அன்புள்ள ஷோயப் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அக்கா மகள் தஹ்சீன் எழுதுவது. ஜெர்மனியில் குளிர் குறைந்திருக்கும், உங்கள் முதுகு வலியும் கூடவே குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ராஜா அண்ணாமலைபுரத்தில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. எனக்கென்று போன் இல்லை. அம்மா போனில் எழுதினால் குடும்பக் குரூப்பில் போய் விழுந்து, ஆளுக்கொரு ரோஜாப்பூ அனுப்புவார்கள். அதனால் மேசை விளக்கைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு தாளில் எழுதுகிறேன். காலையில் என் கோச் பொன்ராஜ் சார் இதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவார். படித்ததும் அழித்துவிடுங்கள்.

என் ஏர் ரைபிள் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரே ஓட்டைக்குள் விழ வேண்டிய குண்டுகள் இப்போது கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி தள்ளித் தள்ளி விழுகின்றன. சார் ரைபிளை அசையாதபடி மேசையிலுள்ள இரும்பு வைஸில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான். "உன் கை நல்லாத்தான் கீது. பேரல் வாய் தேஞ்சு போச்சு, மாநில டீம் தேர்வுக்குள்ள மாத்திடு" என்றார். அத்தா உடனே உங்களைக் கூப்பிட்டு, சனிக்கிழமை அங்கே துப்பாக்கிக் கடைக்குப் போய்ப் புது பேரல் வாங்கச் சொன்னதுவரை எல்லாம் நல்லபடிதான் போனது. அதற்குப் பிறகுதான் அத்தா மயிலாப்பூரில் பைப் கடை வைத்திருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

என் ரைபிளுக்கு இரண்டு வகை பேரல் கிடைக்கிறது. ஒன்று நீளம், கனம். மற்றது குட்டை, லேசு. விலை ஒன்றேதான். அத்தா படத்தைப் பார்த்ததுமே, "ஒரே வெலைக்கு எவனாவது குட்டைய வாங்குவானா? தடியா இருந்தாதான் லைஃப் வரும். நீளமா வாங்கிட்டா வேணும்ன்றப்ப அறுத்துக்கலாம்" என்றார். "அறுத்தா கெட்டுடும் அத்தா" என்றேன். "நம்ம கடையில அறுத்தது இன்னா கெட்டுப் போச்சு?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "அப்டியே ஒரு எல்போ போட்டு மாடி டேங்குக்கும் இழுத்துடுங்க" என்றாள். அத்தா சிரிக்கவில்லை. எங்கள் ஷூட்டிங் கிளப்பில் இரண்டு வகையும் இருப்பதால் சார் என் ரைபிளில் மாறி மாறி மாட்டிச் சுடவைத்தார். வைஸில் இரண்டும் ஒன்றுபோலத்தான் சுடுகின்றன. என் கையிலோ நீளமானது கொஞ்ச நேரம் ஒழுங்காக நின்றுவிட்டு, பிறகு மூக்கைத் தரைப் பக்கம் தொங்கப் போட்டுவிடுகிறது. குட்டையானதில் கடைசிக் குண்டும் முதல் குண்டு போன வழியிலேயே போனது.

இதை அத்தாவிடம் சொல்லப் போய், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அத்தா கோபம் வந்தால் கத்த மாட்டார். "பசிக்கல" என்று தட்டை மூடிவிடுவார். போன மாதம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அம்மா விருந்தாளிகள் எதிரில் சொன்னதற்கு, அவர் பன்னும் டீயுமாகவே இருந்தார். கோலா உருண்டையை நாங்கள் இருவரும் குற்ற உணர்ச்சியோடு தின்று தீர்த்தோம். அதனால் மாமா, தயவுசெய்து குட்டையானதை வாங்கிவிட்டு, நீளமானது ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பொய்தான். ஆனால் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், அவர் சாப்பிடாமல் இருப்பது உங்கள் கண்ணில் படாது.

மாமிக்கு என் சலாம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், சனிக்கிழமை கடை வாசலில் பார்க்கிங்கும் கிடைக்க துஆ செய்கிறேன்.

பயத்துடனும் பாசத்துடனும்,
தஹ்சீன்

பி.கு.: இதை மடிக்கும்போது பால்கனியில் அத்தா பேசுவது கேட்டது. அங்கே இன்னும் சாயங்காலம்தானே, உங்களிடம்தான் பேசினார். "மச்சான், குட்டையே வாங்கிடு. இன்னிக்கு கிளப்புக்குப் போய் அந்த நீளத்த நானே தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன், தோள்பட்டை கழண்டுடுச்சு. கொழந்த எப்டி தூக்கும்? ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத. நீளம் ஸ்டாக் இல்லன்னு சொல்லிடு" என்றார். ஆகவே மேலே நான் எழுதியது எதுவும் வேண்டாம் மாமா. அத்தா சொன்னபடியே செய்யுங்கள். ஸ்டாக் இல்லை என்று நீங்கள் சொன்னதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். அத்தா வந்து என்னைச் சமாதானப்படுத்தட்டும்.