மாமா கண்ட கோணந்தாங்கி

நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று பாடப்புத்தகம் எழுதியவர்கள் எங்கள் மாமாவின் பால்கனியை எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, 'கோணந்தாங்கி' என்று புது அத்தியாயம் எழுதியிருப்பார்கள். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் நான், அந்த மகத்தான கண்டுபிடிப்பை ஆணி முதல் பசை வரை அருகிலிருந்து பார்த்தவன். சாட்சி சொல்வது என் கடமை.

அக்கா வீட்டிலேயே சமைத்து நாலைந்து அலுவலகங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறாள். ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீன் ஒப்பந்தத்துக்காக ஒரு வருஷமாக அலைந்து, கடைசியில் கேன்டீன் மேலாளரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அவரே வீட்டுக்கு வருவார்; சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார். கிடைத்தால் தனியாக ஒரு சமையற்கூடம், வாசலில் தன் பெயரில் ஒரு பலகை. அதைப் பற்றிப் பேசினாலே அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

அந்த வாரத் தொடக்கத்தில் அவள் மாமாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"கத்தி மூணும் மொக்கையாயிடுச்சுங்க. தெருமுனையில சாணை பிடிச்சுட்டு வந்துடறீங்களா?"

மாமா நாளிதழைத் தாழ்த்தினார். அவர் ஓர் அலுவலகத்தில் உதவி மேலாளர். எந்த வேலையையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை, 'முன்னெடுத்து'ப் பார்த்திருக்கிறேன்.

"தெருமுனையா? அவன் எந்தக் கோணத்துல பிடிக்கிறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக் கொடுப்பான்னு தெரியும்."

"அதான் பிரச்சினையே. கோணம் தெரியாத வேகம்!"

அன்று மாலை முழுக்க மாமா வீடியோ பார்த்தார். எல்லாவற்றிலும் தாடி வைத்த யாரோ ஒருவர் கத்தியால் காகிதத்தை நறுக்கிக் காட்டினார். இந்த வீட்டில் யாரும் காகிதம் சமைப்பதில்லை என்று அக்கா சொன்னது 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

இங்கே தமிழின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். கத்தியையும் தீட்டலாம், திட்டத்தையும் தீட்டலாம். அக்கா முதலாவதைக் கேட்டாள். மாமா இரண்டாவதைத் தொடங்கினார்.

'கோணந்தாங்கி' என்று மாமா பெயரிட்ட அந்தக் கருவியின் தத்துவம் எளிது. கத்தி ஒரு பலகையில் அசையாமல் படுத்திருக்கும். தீட்டுகல் ஒரு கம்பியில் கோத்தபடி அதன்மேல் போய்வரும். கம்பி எந்தச் சாய்வில் நிற்கிறதோ அந்தச் சாய்விலேயே விளிம்பு தேயும். கை நடுங்கினாலும் கோணம் நடுங்காது.

"செலவே இல்ல. எல்லாம் வீட்டுலயே இருக்கு" என்றார் மாமா.

உண்மைதான். பலகை என் கட்டிலில் இருந்தது. கம்பி கூடத்து ஜன்னல் திரையில் இருந்தது. கீல் குளியலறைக் கதவில் இருந்தது. குளிக்கப் போகிறவர்கள் உள்ளே ஆள் இருப்பது தெரியும்படி உரக்கப் பாட வேண்டும் என்று வாய்மொழிச் சுற்றறிக்கை வந்தது. எதிர்வீட்டார் எங்கள் கூடத்தைத் தொடர் நாடகம்போலப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் கட்டிலின் பள்ளத்தில் விழுந்து, அறிவியலுக்காக அங்கேயே தூங்கினேன்.

புதன்கிழமை 'கோணக் குழு' கூடியது. மாமா தலைவர். நான் உறுப்பினர். மாடி வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் நிபுணர்.

"பதினஞ்சு டிகிரி" என்றார் மாமா.

"இருபது" என்றார் ஆசிரியர்.

"பதினஞ்சுன்னா தக்காளி தானா பிளந்துக்கும் சார்."

"பிளந்துக்கும். மறுநாளே விளிம்பு மடங்கிக்கும். கோணல் புத்திக்காரங்கதான் பதினஞ்சு கேப்பாங்க."

"யாரைச் சொல்றீங்க?"

"பொதுவா சொன்னேன்."

தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது. பீன்ஸைக் கையால் ஒடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து தேநீர் கொடுத்தாள். "ஏதாவது ஒரு டிகிரில தேய்ங்களேன். கத்திதான் வெட்ட மாட்டேங்குது, வெட்டிப் பேச்சுக்குக் குறைச்சல் இல்ல" என்றாள். உறுப்பினர் அல்லாதவர் கருத்து என்பதால் குழு அதைப் புன்னகையுடன் கடந்தது. இறுதியில் பதினேழரை என்று தீர்மானம் நிறைவேறியது. நல்லெண்ணத்தின் அடையாளமாக ஆசிரியர் தன் வீட்டுக் கத்திகளையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவர் மனைவி அன்று முதல் எங்களோடு பேசுவதில்லை.

வியாழக்கிழமை பால்கனியில் சோதனை ஓட்டம். முதல் கத்தி தேய்ந்து தேய்ந்து, சாக்கு தைக்கும் கோணூசி ஆனது. இரண்டாவது, பல் குத்தும் அளவில் 'நிறைவுற்றது'. ஆசிரியர் வீட்டுக் கத்திகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. மிஞ்சியது அக்காவின் பெரிய கத்தி. அது இம்மியும் ஆடக் கூடாது என்று மாமா திருகாணி போட்டு முடுக்கி, அதன்மேல் பசையையும் ஊற்றினார். கல்லை ஓட்டினார். விளிம்பு பளபளத்தது. என் கையைப் பிடித்து இழுத்து அதில் உரசிக் காட்டினார். முடியெல்லாம் வழித்தெடுத்தது போல உதிர்ந்தது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அப்புறம் கத்தியைக் கழற்றப் போனோம்.

கத்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கடை எதுவும் திறக்கவில்லை. மேலாளர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. மாமா கத்தியை இழுத்தார், நான் மாமாவை இழுத்தேன்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்றாள் அக்கா.

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டு நிற்கிற ரகமல்ல. கத்தி சமையலறைக்கு வராவிட்டால் காய் பால்கனிக்கு வரட்டும் என்று கூடையைத் தூக்கிவந்து தரையில் உட்கார்ந்தாள். அசையாத அந்த விளிம்பில் வெள்ளரிக்காயைத் தள்ளினாள். கேரட்டைத் தள்ளினாள். நடுவில் விரலை அறுத்துக்கொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தள்ளினாள். வில்லைகள் ஒரே அளவாக விழுந்தன. 'அரிவாள்மணை' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. குழு உறுப்பினர் என்ற முறையில் விழுங்கிவிட்டேன்.

மேலாளர் வந்தார், சாப்பிட்டார், இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பிரமாதம்மா. காயெல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கே, எப்படி?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா பால்கனிக் கதவைத் திறந்தார்.

"பதினேழரை டிகிரி சார். சொந்த வடிவமைப்பு."

"அடேங்கப்பா! வீட்டம்மா கஷ்டம் தெரிஞ்ச மனுஷன் சார் நீங்க."

தன்னடக்கம் காரணமாக மாமா அதை மறுக்கவில்லை.

"ஒப்பந்தம் உங்களுக்குத்தான். அம்மா பேர்ல போடவா, உங்க பேர்ல போடவா?"

"ஒரே குடும்பம், இதுல என்ன சார் நீ நான்னு? என் பேர்லயே போட்டுடுங்க."

கைகுலுக்கல் நடந்தது. மாமா உணர்ச்சிவசப்பட்டு, பலகையைத் தட்டிக்கொடுத்தபடி உரையாற்றத் தொடங்கினார்.

"நல்ல கத்திக்கு என்ன அடையாளம் தெரியுமா சார்? வெட்டினதே தெரியக் கூடாது!"

எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"ஆமா சார். இப்ப என் பேரை வெட்டினாரே, உங்க யாருக்காவது தெரிஞ்சுதா?"