பெரியம்மாவுக்குத் தண்ணீர் காட்டிய விவரம்

கடலில் இருக்கும் அன்புள்ள மாமாவுக்கு, கரையில் இருக்கும் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். "எல்லாரும் நல்லா இருக்கோம், குதிரையும் நல்லா இருக்குன்னு மாமாவுக்கு நாலு வரி எழுதி ஒட்டிப் போடு" என்றுதான் அம்மா சொன்னாள். அதில் 'குதிரை' என்ற சொல் ஒன்றுதான் உண்மை என்பதால் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நலம் எவ்வளவு என்பதைப் படித்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் என் கோரிக்கை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சவாரிப் பள்ளிக்காரர் வந்து பெரியம்மாவை ஓட்டிப்போவார், பேசி முடித்தாயிற்று என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவளை விற்க வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றுதானே ஒரு குதிரைக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தீர்கள். எங்களையும் முதலில் அப்படித்தான் பார்த்தாள். ஆனால் இப்போது இந்த வீட்டில் அப்பா முழு வாக்கியமாகப் பேசுவது அவளிடம் மட்டும்தான். பிழை திருத்துநராக இருந்த அச்சகம் மூடிய பிறகு அப்பா எங்களிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது. "சாப்பிட வாங்க" என்றால் "ம்." "கதவைச் சாத்தவா?" என்றால் "ம்." நீங்கள் கப்பல் ஏறும்போது நிலத்தையும் குதிரையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்களை இங்கே குடிவைத்தது எங்களுக்குச் செய்த உதவி என்று அம்மா அடிக்கடி சொல்கிறாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அப்பா எழுந்து லாயத்துக்குப் போய்விடுவார். அங்கே போய், "என்ன பெரியம்மா, இன்னிக்கும் மூஞ்சி தூக்கி வச்சிருக்கியா? எனக்கு மட்டும் என்ன வாழுதாம்?" என்று ஆரம்பிப்பார். நான் வெளியே வாளி கழுவிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

வேலைகளைப் பொறுத்தவரை நாங்கள் சோம்பியிருக்கவில்லை. காலையில் லாயத்தைக் கூட்டுவது அம்மா, காய்ந்த புல் போடுவது நான், குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது அப்பா என்று பிரித்துக்கொண்டோம். முதல் நாளே அப்பா குளம்பைத் தூக்கக் குனிந்தபோது பெரியம்மா அவர் மேல் சாய்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அவள், நடுவில் அப்பா, புத்தகத்துக்குள் வைத்த இலை மாதிரி. அவளைத் தள்ளவும் முடியாமல் கத்தவும் கூச்சப்பட்டு, நான் பள்ளிக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லப் போகும் வரை அப்படியே நின்றிருந்தார். அம்மாவுக்கும் எனக்கும் வேறொரு தகராறு. குதிரை போடுவது சாணி இல்லை, லத்தி என்று நான் புத்தகத்தைக் காட்டி விளக்கினேன். "அள்றவ நான். பேரை நான் வச்சுக்கறேன், நீ போ" என்றாள். இதற்கிடையே பெரியம்மா வேலிக் கதவின் கொக்கியை உதட்டாலேயே நெம்பித் திறக்கப் பழகிவிட்டாள். ஒரு மத்தியானம் வெளியே வந்து, அம்மா பாத்தி கட்டி வளர்த்த முட்டைக்கோஸ் அத்தனையையும் வரிசை தவறாமல் தின்றுவிட்டு, வாய் துடைப்பதுபோல் கொடிக்கயிற்றுக்கு வந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையின் ஒரு கையை மென்றுவிட்டாள். நேர்காணலுக்கு என்று வைத்திருந்த சட்டை அது. "போனாப் போகுது, இப்ப யாரு கூப்பிட்டு வச்சிருக்கா" என்றார் அப்பா. வேறு சட்டை வாங்கலாம் என்று அம்மா சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளை மேய்ச்சலுக்கு விடாமல் லாயத்திலேயே அடைத்தார்கள். கெட்ட காலம் அங்கே ஆரம்பித்தது. வெளியே இருந்தவரை குட்டையில் அவளே குடித்துக்கொள்வாள். லாயத்துக்குள் வாளி வைத்தால் உதைத்துக் கவிழ்த்துவிடுவாள். லாயக் கதவில் நீங்கள் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறீர்களே, 'உள்ளே கட்டினால் இரு வேளையும் தண்ணீர் காட்டவும்' என்று, அதை அப்பா இரண்டு முறை படித்தார். பிறகு அவளைக் கயிற்றைப் பிடித்துத் தொட்டி வரைக்கும் நடத்திப் போனார். தொட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, கையை நீட்டி, "இதோ பாரு, தண்ணி" என்றார். அவள் பார்த்தாள். திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"குடிக்கலையேப்பா" என்றேன்.

"குடிக்க வைன்னு எழுதலையே. காட்டவும்னுதானே எழுதியிருக்கார். ஏதாவது காரணம் இருக்கும். எழுதினவர் சொன்னதை நாம மாத்தக்கூடாது" என்றார். பிழை திருத்தும் வேலையிலேயே வயதான மனிதர், நான் என்ன சொல்ல முடியும்? இருந்தாலும் சந்தேகம் தீர, மரபுத்தொடர் அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'தண்ணீர் காட்டுதல்: ஏமாற்றுதல்' என்று போட்டிருந்தது. அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பாத்தியா?" என்றார். "காட்டிட்டுக் குடுக்காம வரணும். அதுதான் அர்த்தம். ஏதோ வைத்தியம் போல." மறுநாளும் இரு வேளையும் தவறாமல் போய்க் காட்டினோம். அவள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். இவளுக்குத் தண்ணீர் பார்ப்பதில் எவ்வளவு ஆர்வம் என்று நான் நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் அவள் புல்லைத் தொடவில்லை. தரையைக் காலால் பிறாண்டினாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடியும் படுத்து உருண்டாள். அம்மா கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள். அம்மாவின் போனில் எதிரில் பேசுவதும் வெளியே கேட்கும் என்பதால் இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

"டாக்டர், எங்க பெரியம்மாவுக்கு வயித்து வலி போல. தரையில படுத்து உருள்றா."

"அம்மா, நான் மாட்டு டாக்டர். அவங்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன வயசு?"

"பதினெட்டு."

"பதினெட்டு வயசுல பெரியம்மாவா?"

"அதெல்லாம் அப்புறம் கேளுங்க டாக்டர். நாலு கால்லயும் நிக்க முடியல அவளால."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, "குதிரையா?" என்று கேட்டது.

"பின்னே?" என்றாள் அம்மா.

மருத்துவர் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். பெரியம்மாவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சது?"

"நேத்து சாயந்திரம் காட்டினேன்" என்றார் அப்பா.

"காட்டினீங்க, சரி. எவ்வளவு குடிச்சது?"

"காட்டினேன்."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா கையை நீட்டி எப்படிக் காட்டினார் என்பதைச் செய்து காட்டினார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"சார், தண்ணி காட்டறதுன்னா குடிக்க விடறதுதான்" என்றார் மருத்துவர், கோபமில்லாமல். கோபித்திருந்தால் தேவலை. "காய்ஞ்ச புல்லு, தண்ணியில்லை. குடல் அடைச்சிருக்கு." மூக்கு வழியாக நீளமான குழாயை விட்டு எண்ணெயும் தண்ணீரும் ஊற்றினார். "படுக்க விடாம மெதுவா நடக்க வைங்க. லத்தி போட்டுச்சுன்னா பொழைச்சுக்கும். போடலைன்னா எனக்கு போன் பண்ணுங்க. ஆனா நான் வந்து பெருசா ஒண்ணும் செய்ய முடியாது." அவரும் லத்தி என்றுதான் சொன்னார் என்பதை அந்த நேரத்தில் நான் அம்மாவிடம் எடுத்துச் சொல்லவில்லை.

அப்பா கயிற்றைப் பிடித்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அவர் அவளிடம் பேசிக்கொண்டே போனார். "ஊர்ல உள்ளவன் எழுதின தப்பையெல்லாம் கண்டுபிடிச்சேன் பெரியம்மா. ஒரு துணைக்கால் விட்டுப் போனா சோறு இறங்காது எனக்கு. எந்தத் தப்புல ஒரு உசுரு போகுமோ அந்தத் தப்பு கண்ணுல படலை பாரு. இனிமே என்னை எவன் எதுக்குக் கூப்பிடுவான், சொல்லு." இந்த மாதிரி நிறையச் சொன்னார். அச்சகத்தின் கடைசி நாள், முதலாளி கை குலுக்காமல் போனது, வீட்டுக்கு வர மனமில்லாமல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தது, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அம்மா சமையலறை ஜன்னலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்று ரொம்ப நேரமாகியிருந்தது. பாத்திரம் மட்டும் கையில் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரியம்மா நின்றாள். அப்பா இழுத்தார், நகரவில்லை. முடிந்தது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது. அதை எழுத்தில் எழுத நான் முயலப் போவதில்லை. அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் மண்வெட்டியை எடுத்தேன். "யாரும் தொடாதீங்க. விடியிற வரைக்கும் அது அங்கயே கிடக்கட்டும்" என்றாள்.

மாமா, இதைப் படிக்கிற யாரும் எங்களை நம்பி ஒரு கோழிக்குஞ்சைக்கூட விட்டுப் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரிகிறது. உண்மையை மறைத்துவிட்டு உங்களிடம் ஒன்றைக் கேட்பது சரியில்லை என்பதால்தான் எழுதினேன். இப்போது அவள் தொட்டியில் முகத்தை முக்கிக் குடிக்கிறாள், அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அவள் போய்விட்டால் அவர் யாரிடம் பேசுவார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சவாரிப் பள்ளிக்காரருக்கு உடனே ஒரு தந்தியோ செய்தியோ அனுப்பிவிடுங்கள்.

கடல் உங்களிடம் பொறுமையாக நடந்துகொள்ளட்டும், இயந்திர அறையில் சூடு குறையட்டும். கப்பலில் உங்களைவிட மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம், இளையவர்கள் இருந்தால் அவர்களுக்கு அம்மாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
உண்மையை எழுதிய மருமகள்

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்டதைத் தயவுசெய்து அடித்துவிடவும். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் பெரியம்மா போய்விட்டாள். சவாரிப் பள்ளிக்காரரைப் போன் செய்து வரவழைத்ததே அப்பாதான். "ஞாயித்துக்கிழமைதானேப்பா சொன்னாங்க" என்றேன். "அதுக்குள்ள இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாதோ" என்றார். அவள் வண்டியில் ஏற மறுத்தாள். அப்பா முதலில் பலகையில் ஏறி உள்ளே போய் நின்றார், பின்னாலேயே ஏறிவிட்டாள். இறங்கி வந்தவர், இடது காதைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது, மழைச் சத்தம் கேட்டால் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், "நான் எப்பவாவது வந்து பாக்கலாங்களா?" என்றார். "தாராளமா வாங்க. லாயம் கூட்டத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது" என்று பள்ளிக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "காலையில எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டுமாம். அம்மா விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டாள், லாயத்து விளக்கையும்.